விட்டேத்தி

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். மைக் அணைந்திருந்ததால் சத்தம் இந்தப் பக்கம் வரவில்லை. தோள் குலுங்கியது தெரிந்தது. கையிலிருந்த வசனத் தாளால் வாயை மூடிக்கொண்டதும் தெரிந்தது. பக்கத்தில் நின்ற மனிதர் ஏதோ சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, பூனை பால் குடித்த கதையாக, ஒன்றும் அறியாதவர்போல விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன சொன்னாராம்?" என்று இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் கேட்டான். போகிறபோக்கில் கேட்பதுபோலத்தான் கேட்டான்.

"மைக் ஆஃப்ல இருக்கு சார். எனக்கும் கேக்கல," என்றாள் ஒலிப்பதிவு செய்யும் பெண். அவளை எல்லோரும் 'சவுண்டு' என்று கூப்பிடுவார்கள். பெயருக்கு நேர்மாறாக, அவளிடமிருந்து ஒரு நாளைக்கு நாலு வார்த்தை வந்தால் அதிகம்.

கேட்டவன், வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழில் வசனம் எழுதுகிறவன். ஸ்டுடியோவில் அவனுக்குப் பெயரே 'வசனம்' என்று ஆகிவிட்டது. சிரித்தவள் அவன் மனைவி. குரல் கொடுக்கிறவள். பேய்க்கும் கொடுப்பாள், மகாராணிக்கும் கொடுப்பாள், பற்பசை விளம்பரத்தில் வரும் பல்லுக்கும் கொடுப்பாள். இந்த ஸ்டுடியோவில்தான் இருவரும் சந்தித்தார்கள், இங்கேயிருந்து கிளம்பிப் போய்த்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள். அந்த மனிதர் புதிது. அதற்கு முன்னால் ரயில் நிலையத்தில் வண்டி வரும் போகும் அறிவிப்புகளைப் பேசிக்கொண்டிருந்தவர். வண்டி தாமதம் என்று அவர் சொன்னால்கூடப் பயணிகள் கோபப்படாமல் கேட்டுக்கொண்டிருப்பார்களாம். ஆழமான, ஓங்கித் தட்டினால் நெடுநேரம் அதிர்கிற குரல். வந்த முதல் நாளே 'வெண்கலம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

புதிய தொடரில் கதை இவ்வளவுதான். கடலோர ஊரில் படகு கட்டும் ஒருவன். அவன் மனைவி. ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டே விலகிப்போகிறார்கள், பிறகு மெல்ல மெல்லச் சேர்கிறார்கள். படகுக்காரனுக்கு வெண்கலம், மனைவிக்கு இவள்.

வழக்கமாக ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசவைத்து, பிறகு ஒட்டுவார்கள். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் வெண்கலம் முதல் வாரத்திலேயே, "எதிர்ல ஆள் இருந்தா எனக்கு நல்லா வரும் சார். இவங்ககூடச் சேர்ந்தே பேசிடறேனே?" என்று மேனேஜரிடம் கேட்டார். மேனேஜர் இவளைப் பார்த்தார். இவள் "எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். அன்றிலிருந்து இரண்டு மைக், இரண்டு ஹெட்ஃபோன், ஒரே அறை. கதவை மூடினால் காற்றுக்கூட நுழைய முடியாத அறை.

அந்த அறையைப் பார்த்துக்கொண்டு உட்காருவதுதான் வசனத்தின் வேலையாகிவிட்டது. எழுத வேண்டியதை வீட்டிலேயே எழுதிவிடுவான். இங்கே வந்து உதட்டுக்கு ஒட்டாத வார்த்தைகளை மாற்றிக்கொடுக்க வேண்டும். அதற்காகத் திரையைப் பார்க்க வேண்டியவன் கண்ணாடியையே பார்த்தான். பார்க்கப் பார்க்க ஏதாவது தென்பட்டுக்கொண்டே இருந்தது. வெண்கலம் எப்போதும் அவளுக்கு இடப்பக்கமே நிற்கிறார். அவள் ஏதாவது சொன்னால் தலையைச் சாய்த்து, காது அவள் வாய்க்கு அருகே வரும்படி குனிகிறார். அவரைச் சொல்லி என்ன, அவளும் சும்மா இருக்கிறாளா? அவர் பேச வேண்டிய ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால், தாளைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டி, அவர் முழங்கையை விரல் நுனியால் தொடுகிறாள். லேசாக. தொட்டதும் அவர் பேசுகிறார்.

படகுக்காரன் திரையில் சொல்வான்: "உன் பேரை நான் சொல்றப்போ ஏன் திரும்பிப் பார்க்க மாட்டேங்குற? இன்னொரு தடவை சொல்லட்டும்னா?" அதை எழுதியது வசனம்தான். எழுதும்போது அது ஒரு வாக்கியமாக மட்டும் இருந்தது. வெண்கலத்தின் வாயிலிருந்து, விரல் தொட்ட மறுநொடி, மனைவியின் முகத்தைப் பார்த்தபடி அது வந்தபோது, சொந்தக் கையால் கத்தி தீட்டிக் கொடுத்துவிட்டு வந்ததுபோல் இருந்தது அவனுக்கு.

வீட்டில் அவள் அதிகம் பேசமாட்டாள். தொழில் அப்படி. நாள் முழுக்க அழுது, கத்தி, கொஞ்சிவிட்டு வருகிறவள் சாயங்காலம் வெந்நீர்க் குவளையோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிடுவாள். இத்தனை வருடமாக அவனுக்கு அது பழகிய காட்சி. இப்போது அதே காட்சி வேறாகத் தெரிந்தது.

"இன்னிக்கு வேலை எப்படிப் போச்சு?"

"நீங்களும்தானே அங்க இருந்தீங்க."

"இல்ல, அவரு எப்படிப் பேசுறாரு?"

"நல்லாப் பேசுறாரு."

அவ்வளவுதான். மேலே ஒரு சொல் கிடையாது. குறைத்துச் சொல்லியிருந்தால் மறைக்கிறாள் என்று நினைத்திருப்பான், கூட்டிச் சொல்லியிருந்தால் மயங்கிவிட்டாள் என்று நினைத்திருப்பான். இரண்டும் இல்லாத இந்த 'நல்லாப் பேசுறாரு'வை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் அவன் படுக்கையில் புரண்டான்.

போதாக்குறைக்கு மாமியார். மகளோடு கொஞ்ச நாள் இருக்கலாம் என்று வந்தவர், தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியதும் ஊருக்குப் போகும் பேச்சையே எடுக்கவில்லை. மாலையில் தொலைக்காட்சி முன்னால் கால் நீட்டி உட்கார்ந்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

"இந்த ஆள் 'சாப்பிட்டியா'ன்னு கேட்டாலே வயிறு நிறைஞ்சிடும் போல இருக்கே! யாரு மாப்பிள்ளை இது? ஒருநாள் வீட்டுக்குத்தான் கூட்டிட்டு வாங்களேன்."

"வசனம் எப்படி இருக்கு அத்தை?"

"வசனத்துக்கு என்ன, இருக்கு. சட்டை யார் தைச்சாலும் போடறவனைப் பொறுத்துத்தானே!"

மகளின் குரலைப் பற்றி அந்த அம்மாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகளும் அதைக் கண்டுகொள்ளவில்லை. உள்ளே போய்த் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பொறாமை என்று ஒன்று உண்டா என்று சோதித்துப் பார்க்கும் எண்ணம் அப்போதுதான் வந்தது. காலையில் செருப்பைத் தேடிக்கொண்டே, "என்கூடக் காலேஜ்ல படிச்சவ ஒருத்தி, ரொம்ப நாள் கழிச்சு மெசேஜ் பண்ணியிருந்தா. என் எழுத்துன்னா அவளுக்கு உசுரு," என்றான். அப்படி ஒருத்தி இல்லவே இல்லை.

அவள் தலைவாரிக்கொண்டிருந்தாள். சீப்பு ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது. பிறகு ஓடியது.

"நல்லது. எழுத்துன்னா உசுரா இருக்கறவங்க கிடைக்கறது கஷ்டம்."

"அவளுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகலையாம்."

"செருப்பு கட்டிலுக்கு அடியில இருக்கு," என்றாள்.

அவனுக்கு அழுகை வரும்போல் இருந்தது. பொய்த் தோழியை வைத்துக்கூட மெய்ப் பொறாமை ஒன்றைக் கிளப்ப முடியவில்லை. சண்டை போட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். 'யாரவ?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பான். அன்று பேருந்தில் போகும்போதுதான் அந்தச் சொல் அவன் மனதில் வந்து உட்கார்ந்தது. விட்டேத்தி. எது எப்படிப் போனால் என்ன என்று எல்லாவற்றையும் விட்டு ஒழித்தவள். என்னையும்.

அதற்குப் பிறகு அவன் செய்தது சின்னத்தனம். படகுக்காரனின் காதல் வசனங்களில் நாக்குப் பிறழ்கிற மாதிரி வார்த்தைகளைச் செருக ஆரம்பித்தான். 'மழை' என்று ஒன்று வந்தால் போதும், பின்னாலேயே 'விழ', 'தழுவ', 'அழகழகாய்' என்று வரிசையாக நிறுத்தினான். வெண்கலம் தடுக்கி விழட்டும், அவள் பார்க்கட்டும் என்பது எண்ணம். அவர் தாளை ஒருமுறை உதட்டுக்குள் படித்துப் பார்த்தார். பிறகு நிதானமாக, ஒவ்வொரு ழகரத்தையும் நாக்கில் வைத்து உருட்டிச் சொன்னார். முடிந்ததும் சவுண்டு திரும்பி, "சார், இது ரொம்ப அழகா வந்திருக்கு," என்றாள். அன்றைக்கு அவள் பேசிய நாலு வார்த்தையும் அதற்கே செலவாகிவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும்போது மனைவி கேட்டாள். "என்ன இந்த வாரம் ஒரே ழகரமா இருக்கு? அந்த மனுஷன் மேல உங்களுக்கு என்ன கோபம்?"

"கோபமா? எனக்கா? எதுக்கு?"

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தொடரில் முக்கியமான காட்சி ஒன்று வந்தது. படகுக்காரன் மனைவியைப் பார்த்து, இதுவரை அடக்கிவைத்ததையெல்லாம் கொட்டுகிறான். அவளுடைய குணத்துக்கு ஒரு பெயர் வைக்கிறான். அந்த மொழியில் அது ஒரே சொல். எதிரில் இருப்பவரின் சுகதுக்கம் தன்னைத் தொடாமல் இருக்கும் நிலை என்று மூலத்தோடு வந்த குறிப்பில் போட்டிருந்தது. வசனம் அதிகம் யோசிக்கவில்லை. வாரக்கணக்காக வாயில் ஊறிக்கொண்டிருந்ததை எழுதினான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதிவு விளக்கு எரிந்தது. அவள் விரல் வெண்கலத்தின் முழங்கையைத் தொட்டது.

"உனக்கு என்மேல கோபம்கூட இல்ல," என்றார் வெண்கலம், படகுக்காரனாக. "இருந்தா நான் பொழைச்சுப்பேன். நான் இன்னொருத்தியைப் பத்திப் பேசினாலும் உனக்கு ஒண்ணுதான், ஊமையா நின்னாலும் ஒண்ணுதான். நீ விட்டேத்தி. சுத்த விட்டேத்தி!"

அடுத்து அவள் பேச வேண்டும். பேசவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"இந்த வார்த்தை தப்பு."

வசனம் தன் பக்கத்து மைக்கின் பொத்தானை அழுத்தினான். "தப்பு இல்ல. பேசு."

"தப்புங்க. விட்டேத்தின்னா யாரு? வீடும் ஒண்ணு வீதியும் ஒண்ணுன்னு திரியறவன். இருந்தாலும் சரி, போனாலும் சரிங்கறவன். பத்து நாள் வீட்டுக்கு வராத பிள்ளையை அப்படித் திட்டுவாங்க. இவ அப்படியா? இவன் கதவைத் திறந்தா நிமிர்ந்து பார்க்குறா. பார்த்துட்டுத்தான் திரும்பிக்குறா."

"அப்ப அலட்சியம்னு போடலாமாக்கா?" என்றாள் சவுண்டு, அதிசயமாக.

"அலட்சியம்னா மதிக்காதது. இவனை இவ மதிக்காம இல்ல. உதாசீனம்னு ஒண்ணு இருக்கு, அது பேப்பர்லதான் நல்லா இருக்கும், பொண்டாட்டியைப் பார்த்து எவனும் அப்படிச் சொல்ல மாட்டான்." அவள் திரையைக் காட்டினாள். "இதுக்குப் பேரு பாராமுகம். பார்க்காம இருக்கறது இல்ல அது. பார்த்ததைக் காட்டிக்காம இருக்கறது. மனசுல ஒண்ணும் இல்லாதவளுக்குப் பாராமுகம் வராது. மனசுல ஆளே இல்லன்னா யாரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கறது!"

"கூப்பிட்டவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்," என்றான் வசனம்.

"சரி, அர்த்தத்தை விடுங்க. உதட்டைப் பாருங்க. பெரிய க்ளோசப். இவன் உதடு மூணு தடவை ஒட்டுது. விட்டேத்தியில உதடு எங்க ஒட்டுது?"

சவுண்டு காட்சியைப் பின்னால் ஓட்டினாள். திரை நிறையப் படகுக்காரனின் முகம். உதடு ஒட்டியது, திறந்தது, மறுபடி ஒட்டியது, கடைசியில் இன்னொரு முறை மூடியது. பா. ரா. மு. கம். தொழிலுக்குப் புதிதாக வந்தவனுக்குக்கூடக் கண்ணில் பட்டிருக்கும். வசனத்தின் முகத்தில் ரத்தம் ஏறியது. அந்தக் கோபத்தில்தான் சொல்லக்கூடாததைச் சொன்னான்.

"விட்டேத்தியை நான் வீட்டுலயே வெச்சுப் பார்த்துட்டிருக்கேன். எனக்கு யாரும் அர்த்தம் சொல்லித் தர வேண்டாம்."

அந்த அறையில் எதிரொலி இருக்காது. சொன்னது சொன்ன இடத்திலேயே விழுந்து கிடந்தது. சவுண்டு குனிந்து, ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்தினாள். வெண்கலம் ஹெட்ஃபோனைக் கவனமாகக் கொக்கியில் மாட்டினார். "நான் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினார்.

மாடிப்படித் திருப்பத்தில் அவளைப் பிடித்தான். கீழே யாரோ நாற்காலிகளை இழுத்துப்போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அவரு கையை ஏன் தொடுற?"

"இதைக் கேக்க இவ்வளவு நாள் ஆச்சா?"

"ஏன் தொடுற?"

"அது அவரு சொல்ல வேண்டிய விஷயம். நான் சொல்ல மாட்டேன்."

"உங்களுக்குள்ள ரகசியம்லாம் இருக்கு, அப்போ."

"இருக்கு. நீங்க நினைக்கறது இல்ல." அவள் குரல் உயரவில்லை. குரல் உயர்ந்தால் மதியம் பேச முடியாது என்பதால் சண்டையைக்கூடத் தாழ்ந்த குரலில்தான் போடுவாள். "எனக்குப் பொறாமையே இல்லன்னுதானே உங்க வருத்தம்? காலேஜ்ல கூடப் படிச்சவளைக் கொண்டுவந்து நிறுத்தினீங்களே. உங்க வகுப்புல பொண்ணுங்களே கிடையாதுன்னு கல்யாணத்தப்போ நீங்களே சொன்னீங்க."

அவன் ஒரு படி கீழே இறங்கி நின்றான்.

"பொறாமை எனக்கும் இருக்கு. யார் மேலன்னு சொல்லட்டுமா? அந்தப் படகுக்காரன் பொண்டாட்டி மேல."

"அவளா? அவ... அது வெறும் படம்."

"படம்தான். ஆனா அவளுக்கு யாரு எழுதறா? 'இன்னொரு தடவை சொல்லட்டும்னா?'ன்னு யாரு கேட்டது? மூலத்துல அது இல்ல. நான் குறிப்பைப் பார்த்தேன். 'ஏன் பேசலை'ன்னு மட்டும்தான் இருக்கு. மத்தது உங்க மனசுல இருந்து வந்தது. மழையில அவ செருப்பைக் கையில எடுத்துட்டு நடக்கறதுக்கு எவ்வளவு எழுதினீங்க! நாலு மாசமா ஒருத்தன் இன்னொருத்திக்கு உருகி உருகி எழுதறதை நான் எதிர்ல நின்னு கேட்டுட்டு வீட்டுக்கு வர்றேன். வீட்டுல அவன் என்கிட்ட என்ன பேசுறான்? 'மோட்டார் போட்டியா', 'சாவி எங்க', 'அவரு எப்படிப் பேசுறாரு'. நானும் பார்த்தேன். எனக்குன்னு ஒரு வரி வருமா வருமான்னு பார்த்தேன். வரல. அப்புறம் திரும்பி உட்கார்ந்துட்டேன்."

அவனுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. எழுதித் தரச் சொன்னால் எழுதியிருப்பான்.

"வாங்க," என்றாள். "காட்சி பாக்கி இருக்கு."

'பாராமுகம்' என்று மாற்றி அன்று அந்தக் காட்சியை முடித்தார்கள். உதடு பிசகாமல் ஒட்டியது. அவள் வெண்கலத்தின் கையைத் தொட்டுத்தான் பேசவைத்தாள், வசனம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

மறுநாள் வெண்கலம் மேனேஜரிடம் போய், இனிமேல் தனியாகவே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். காரணம் கேட்டதற்கு, "யாருக்கும் சங்கடம் வேண்டாம் சார்" என்றாராம்.

காலையில் அவர், மதியம் இவள் என்று ஆனது. வசனம் நினைத்தது நடந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இப்போது எப்போதும் ஒரே ஆள்தான். ஆனால் வெண்கலத்துக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. வரி முந்தி வந்தது, இல்லையென்றால் பிந்தி வந்தது. ஒரே வாக்கியத்தை ஏழெட்டு முறை எடுக்க வேண்டியிருந்தது. ஹெட்ஃபோனைக் காதில் அழுத்துவார், பிறகு பாதி விலக்குவார். முகம் வியர்த்திருக்கும். சவுண்டு வெட்டி ஒட்டிச் சரிசெய்து பார்த்தாள். மாமியாரே கண்டுபிடித்துவிட்டார்.

"என்ன மாப்பிள்ளை, இப்பல்லாம் ரெண்டு பேரும் வேற வேற ஊர்ல இருந்து பேசற மாதிரி இருக்கே?"

ஒரு நாள் மேனேஜர் அவனைக் கூப்பிட்டார். "வெண்கலத்தை மாத்திடலாம்னு இருக்கோம். தொடர் குடுத்தவங்க புகார் பண்றாங்க. குரல் இருந்து என்ன பண்றது, நேரம் ஒட்டலையே. நீங்க என்ன சொல்றீங்க?"

தலையை ஆட்டினால் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம். அவன் உள்ளே ஏதோ ஒன்று 'ஆட்டு, ஆட்டு' என்று குதித்தது. அவன் "ஒருநாள் குடுங்க, சொல்றேன்" என்றான். ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே பிடிபடவில்லை. அந்த மனிதர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கிற மாதிரி கண்ணாடியைப் பார்த்தது ஒருவேளை மனதில் தைத்திருக்கலாம்.

சாயங்காலம் வெண்கலத்தின் வீட்டைத் தேடிக்கொண்டு போனான். மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவர் கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. உள்ளே அவர் மனைவி ஒரு புடவையோடு நின்றுகொண்டிருந்தார். "வாங்க வாங்க" என்று நாற்காலியிலிருந்த துணிகளை அள்ளி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வசனம் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். வெண்கலம் நகர்ந்து, அவனுக்கு மறுபக்கம் வந்து உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லுங்க. அந்தப் பக்கம் எனக்குக் கேக்காது."

"கேக்காதா?"

"இடது காது. சின்ன வயசுல காய்ச்சல் வந்தப்போ போயிடுச்சு. ரயில் நிலையத்துல தொந்தரவு இல்ல, எழுதிக் குடுத்ததை ஒரு மைக்ல பேசினா முடிஞ்சுது. இங்க இருக்கற ஒரு காதையும் ஹெட்ஃபோன் மாட்டி மூடிட்டா என் குரலே எனக்குக் கேக்கறதில்ல. கழட்டிட்டா எப்ப ஆரம்பிக்கறதுன்னு தெரியல. உங்க வீட்டுல முதல் நாளே கண்டுபிடிச்சிட்டாங்க. 'நான் தொட்டதும் ஆரம்பிங்க'ன்னாங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மான்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். காது கேக்காதவனுக்கு டப்பிங்ல என்ன சார் வேலை? சிரிப்பாங்க."

வசனம் அவருடைய இடது காதைப் பார்த்தான். மற்ற காதைப்போலத்தான் இருந்தது.

"உங்களுக்குச் சங்கடமா இருக்குன்னு அன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது," என்றார் வெண்கலம். "தெரிஞ்சிருந்தா முதல்லயே வந்து சொல்லியிருப்பேன். நானும் பொண்டாட்டி உள்ளவன்தான் சார்."

இதைக் கேட்டபிறகு பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். போகவில்லை. தனக்குத் தெரியாத ஒன்றை இவரும் அவளும் இத்தனை நாள் சேர்ந்து காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதே புதிதாக ஒரு முள்ளாகக் குத்தியது. குத்திக்கொண்டிருக்கும்போதே, தன் மனைவி எப்பேர்ப்பட்டவள் என்ற பெருமையும் கூடவே வந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு, கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தான்.

மறுநாள் மேனேஜரிடம் அடித்துப் பேசினான். "தப்பு அவர் மேல இல்ல. நான் ஜோடியாப் பேசறதுக்குன்னுதான் எழுதறேன். பிரிச்சுப் பேசினா என் வரி செத்துப்போகுது. சேர்ந்து பேசட்டும். இல்லன்னா வேற ஆளை வெச்சு எழுதிக்குங்க." காதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. மேனேஜர் கொஞ்சம் முனகினார். பிறகு ஒத்துக்கொண்டார்.

மறுபடியும் இரண்டு மைக். வெண்கலம் உள்ளே நுழையும்போது வசனத்தைப் பார்த்துத் தலையசைத்தார். வசனம் எழுந்து நின்றான். மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். விளக்கு எரிந்தது. விரல் முழங்கையைத் தொட்டது. வசனம் கண்ணைத் திரைக்குத் திருப்பி, உதடுகளைக் கவனித்தான்.

வேலை முடிந்து பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். வெயில் சாய்ந்து ஜன்னல் வழியாக அவள் மடியில் விழுந்தது. இரண்டு நிறுத்தம் வரை அவன் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தான்.

"அவரு வீட்டுக்குப் போயிருந்தேன்."

"தெரியும். அவரு வீட்டுக்காரம்மா போன் பண்ணினாங்க."

"நீ ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தேன். உங்ககிட்ட சொன்னா வசனத்துல வந்துடும்."

அது உண்மைதான். நடத்துனர் வந்து போனார். முன்னால் ஒரு குழந்தை அம்மாவின் தோள்மீது தலையைத் திருப்பி இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் பொறாமைப்பட்டேன்," என்றான். பேருந்தின் இரைச்சலில் அது அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னான். "நீ அவருகிட்ட சிரிச்சப்போ எனக்குச் சோறு இறங்கல. நீ அப்படிச் சிரிச்சு நான் பார்த்து ரொம்ப நாள் ஆச்சு. எதுக்குச் சிரிச்சன்னுகூட எனக்குத் தெரியாது. கேக்கணும்னு நினைச்சு, கேக்காம, அந்தக் கடுப்புல ழகரமா எழுதித் தள்ளினேன். இன்னிக்கும் எரிஞ்சுது. எல்லாம் தெரிஞ்சும் எரிஞ்சுது."

முன் இருக்கையில் இருந்த பெண்மணி லேசாகத் திரும்பிப் பார்த்தார். அவனுக்குக் காது சூடாகிவிட்டது. நிறுத்திக்கொண்டான்.

அவள் அவன் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள். மடியிலிருந்த பையை எடுத்து மறுபக்கம் வைத்தாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள். "இன்னும் கொஞ்சம் சொல்லுங்க."